ஜப்பான் காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள்? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மா 1934-இல் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். ஜப்பான்காரன் வந்தபோது ஏழு வயது, போனபோது பதினொன்று. நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளிப் பிள்ளைகள் வரலாற்றுப் பாட இடுபணிக்காகக் கோப்பும் கையுமாக வீட்டுக்கு வருவது வழக்கம். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அம்மாவுக்கு இப்போது மூச்சு வாங்குகிறது, ஒரே கதையைப் பத்துப் பேருக்குச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் "அப்படி இல்லடி" என்றார், திருத்திவிட்டேன்.

"ஜப்பான் காலம்" என்பது எப்போதிலிருந்து எப்போது வரை?

1941 டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியது. அந்த டிசம்பர் முடிவதற்குள் பேராக்கின் பெரும்பகுதி அவர்கள் கையில். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. 1945 ஆகஸ்டு 15-இல் ஜப்பான் சரணடைந்து, செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். மொத்தம் மூன்று வருடம் எட்டு மாதம் என்று பெரியவர்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

சோறே கிடைக்கவில்லையா?

முதல் சில மாதம் கிடைத்தது. துரைமார் ஊரைவிட்டு ஓடியபோது தோட்டத்துக் கிடங்கு திறந்து கிடந்தது. ஆளாளுக்கு மூட்டையைத் தூக்கினார்கள். என் பாட்டி ஒரு மண்ணெண்ணெய் டின் நிறைய அரிசியைக் கொண்டுவந்து, மூடியை மெழுகால் அடைத்து, கோழிக்கூண்டுக்கு அடியில் குழி தோண்டிப் புதைத்தார். அந்த டின் குடும்பத்தில் ஒருவர் போல. "டின்னுல எவ்வளவு இருக்கு?" என்று யாரும் வாய்விட்டுக் கேட்கக்கூடாது. காய்ச்சல் வந்தால் மட்டும் ராத்திரியில் தோண்டி ஒரு கை எடுத்துக் கஞ்சி வைப்பார். அம்மாவின் தம்பி ஒரு தடவை காய்ச்சல் வந்த மாதிரி நடித்து, பாட்டி நெற்றியில் கை வைத்துப் பார்த்ததும் மாட்டிக்கொண்டார். அன்றைக்கு விழுந்த அடியை மாமா சாகும்வரை சொல்லிச் சிரித்தார்.

அதன்பிறகு அரிசி என்றால் கஞ்சித் தண்ணீரில் தேடிப் பிடிக்க வேண்டிய பொருள்தான்.

நெல் விளைகிற நாட்டில் அரிசிப் பஞ்சம் எப்படி வந்தது?

மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இது. போருக்கு முன்பே மலாயா தன் அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்துதான் வாங்கியது. பர்மாவும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) இந்தோசீனாவும் அனுப்பின. நம் நிலத்தில் ரப்பரை நட்டு, அதை விற்ற காசில் பக்கத்து நாட்டு அரிசியைத் தின்றோம். கப்பல் ஓடும்வரை இந்தக் கணக்கு சரியாக வந்தது. போர் வந்ததும் கப்பல் இல்லை, ரப்பரை வாங்க ஆளும் இல்லை.

பேராக்கிலேயே கிரியான் வட்டாரத்தில் வயல்கள் உண்டு. ஆனால் விளைந்ததில் ஒரு பங்கைப் படைக்கு எடுத்துக்கொண்டார்கள். போதாக்குறைக்கு 1943 அக்டோபரில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகிய நான்கு மாநிலங்களையும் ஜப்பான் சயாமுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. கெடா நம் நெற்களஞ்சியம். ஒரே கையெழுத்தில் அது வேறு நாடாகிவிட்டது. "பொறவு கெடா அரிசின்னு பேச்சே இல்ல" என்று அம்மா சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்த ஒப்பந்தம். ஒன்பது வயதில் அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அரிசி வராதது மட்டும்தான் தெரியும்.

ரேஷன் கொடுத்தார்களே?

கொடுத்தார்கள். அளவு வர வரத் தேய்ந்தது. பொருள்களை எல்லாம் 'குமியாய்' என்ற சங்கங்களின் கையில் விட்டிருந்தார்கள். அவை வாங்கி, அவை விற்கும். அங்கே இல்லை என்றால் கள்ளச்சந்தைதான்.

தோட்டத்தில் அளந்து கொடுத்தவர் ஒரு கிராணி, தோட்டத்துக் கணக்கர். பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பால் டின்னால் அளப்பார். டின்னுக்குள் கட்டைவிரலை விட்டுப் பிடித்தபடிதான் அரிசியை அள்ளுவார். அந்தக் கட்டைவிரல் அளவு அரிசி ஒவ்வொரு குடும்பத்திலும் குறையும். பாட்டி ஒரு நாள், "கிராணி ஐயா, விரலையும் சேத்துப் போட்டுடுங்க, கொழம்பு வச்சிக்கிறேன்" என்றாராம். வரிசையே சிரித்தது. அடுத்த மாதம் எங்கள் வீட்டுக்குக் கடைசியில், கல்லும் உமியுமாகக் கிடைத்தது.

மரவள்ளிக்கிழங்கைத்தான் தின்றீர்களா? அது விஷம் என்கிறார்களே?

ஆமாம், கிழங்குதான். மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சேம்பு. சிலர் கேழ்வரகும் போட்டார்கள். பால்மரத்தை வெட்டிச் சாய்த்து அந்த இடத்தில் மரவள்ளிக் குச்சி ஊன்றினார்கள். குச்சியை ஒடித்து நட்டால் போதும், எந்த மண்ணிலும் வரும், வேறு பக்குவம் வேண்டாம்.

விஷம் என்பதும் உண்மை. மரவள்ளியில் கசப்பு வகை ஒன்று உண்டு. அதைச் சரியாகப் பக்குவம் செய்யாவிட்டால் சயனைடு உடம்பில் ஏறும். தலை சுற்றும், வாந்தி வரும், உயிரும் போகும். தோலை ஆழமாகச் சீவ வேண்டும், தண்ணீரில் ஊற வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும், மூடாமல் வேகவிட வேண்டும். பசியில் இருப்பவனுக்கு இதற்கெல்லாம் பொறுமை ஏது.

பாட்டி செய்த மாவுதான் அம்மாவுக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பிஸ்கட் டின்னைப் பிரித்துத் தகரத்தைத் தட்டையாக்கி, ஆணியால் நெருக்கமாக ஓட்டை போட்டு, திருப்பிப் பிடித்தால் துருவி தயார். துருவியதைப் பழைய வேட்டியில் கட்டி முறுக்கிப் பிழிவார். வடிந்த வெள்ளைத் தண்ணீர் தெளிந்ததும் மேல்நீரைக் கொட்டினால் அடியில் மாவு உறைந்திருக்கும். அதைக் காய வைத்துக் களி கிண்டலாம், அடை தட்டலாம். பிழிந்த சக்கையும் வீணாகாது, புட்டு அவிப்பார். துருவுகிற வேலை பிள்ளைகளுக்கு. அம்மாவின் வலது கை நடுவிரல் கணுவில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. பார்க்க வருகிற பிள்ளைகளுக்கு அதைக் காட்டுவார்.

இப்போது அவர் மரவள்ளி சாப்பிடுவாரா?

தாராளமாக. தேங்காய்ப்பூவும் சீனியும் தொட்டுச் சாப்பிடுவார். "ஜப்பான் காலத்துப் பாட்டி கிழங்கைக் கண்டால் அழுவார்" என்று எழுத ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு இது ஏமாற்றம். எதிர்வீட்டுத் தாத்தா மட்டும் கிழங்கு வேகிற வாடை வந்தாலே சன்னலைச் சாத்துவார். ஆளுக்கு ஆள் வேறு.

எது இல்லாததுதான் பெரிய கஷ்டம்?

உப்பு. எல்லோரும் அரிசி என்று எதிர்பார்த்துப் பேனாவைத் திறப்பார்கள். அம்மா உப்பு என்பார்.

சுங்கை சிப்புட் கடலோரம் இல்லை. ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே, மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். கடலோரத்து ஆட்கள் கடல் தண்ணீரைக் காய்ச்சியாவது உப்பு எடுத்தார்கள். நமக்கு அது கைமாறிக் கைமாறி வர வேண்டும். ஒரு சீனக் கிழவர் சைக்கிளில் கொண்டுவருவாராம். சாம்பல் நிறத்தில், ஈரமாக, நாக்கில் வைத்தால் கடைசியில் கசக்கும். அதற்குப் பதிலாகக் கோழியோ முட்டையோ மரவள்ளி மாவோ கொடுக்க வேண்டும்.

பாட்டி அந்த ஈர உப்பை ஓட்டை போட்ட சிரட்டையில் அடைத்து அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார். அதற்குக் கீழே இன்னொரு சிரட்டை. புகையிலும் சூட்டிலும் உப்பு காய்ந்து இறுகும், சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீர் கீழ்ச் சிரட்டையில் சேரும். அந்தக் கசப்புத் தண்ணீர்தான் தினசரிச் சமையலுக்கு. மேலே இருக்கிற கட்டி உப்பு பத்திரம். சாப்பிடும்போது பானையில் உப்புப் போடுவதில்லை, போட்டால் கரைந்து எல்லாவற்றிலும் பரவிவிடும். வெந்த கிழங்கைக் கையில் கொடுத்து, பிள்ளைக்கு ஒரு குருணை உப்பு இலையில் வைப்பார். கிழங்கை இரண்டு கடி கடித்துவிட்டு விரல் நுனியால் அதைத் தொட்டு நக்க வேண்டும். அம்மா கடைசிக் கடிவரை தொடாமல் வைத்திருந்து, முடிவில் மொத்தத்தையும் நாக்கில் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொள்வார். இன்றைக்கும் சாப்பிட்டு முடித்துத் தட்டின் ஓரத்தில் கொஞ்சம் உப்பு மிச்சம் வைத்திருப்பார். இரத்த அழுத்தத்துக்கு ஆகாது என்று மருத்துவர் சொன்னதை நான் தினமும் சொல்கிறேன். காதில் ஏறுவதில்லை.

கருவாட்டுத் தலை ஒன்று கிடைத்தால் மூன்று நாளைக்குக் குழம்பு. முதல் நாள் தலை, இரண்டாம் நாள் அதே முள், மூன்றாம் நாள் முள்ளை எடுத்து நசுக்கிக் கொதிக்க வைத்த தண்ணீர்.

துணியும் கிடைக்காத காலம் என்பதால் கோணிச்சாக்கில் பாவாடை தைத்துப் போட்டார்கள். அம்மாவுக்குத் தைத்தது ஒரு பழைய உப்புச் சாக்கு. தைப்பதற்கு முன்னால் பாட்டி அந்தச் சாக்கைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, பிழிந்த தண்ணீரை வடிகட்டிக் குழம்புக்கு ஊற்றினார். அப்படியும் சாக்கில் உப்பு மிச்சம் இருந்தது. வெயிலில் வியர்த்தால் பாவாடை இடுப்பில் அரிக்கும். அம்மாவும் அவர் தோழியும் பாவாடை நுனியைச் சுருட்டி வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே மாடு மேய்த்தார்களாம். "நல்லா கரிச்சுதுடி" என்று அம்மா சொல்லும்போது முகத்தில் வெட்கம் கிடையாது. நேற்று ஒரு நல்ல மாங்காய் தின்ற மாதிரி சொல்வார்.

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்ற பழமொழி அவருக்குப் பிடிக்காது. "குப்பையில போட்டிருந்தா நாங்க எப்படிப் பொழைச்சிருப்போம்?"

எண்ணெய், சீனி, காப்பி?

தேங்காய் எண்ணெய் விலை ஏறிவிட்டது. செம்பனை எண்ணெய், சுத்திகரிக்காத சிவப்பு எண்ணெய், எங்கிருந்தோ ஒரு புட்டி வரும். குழம்பு முழுக்க ஆரஞ்சு நிறம், கை கழுவினாலும் போகாது. அதில் விளக்கும் எரித்தார்கள், சாம்பல் தண்ணீர் சேர்த்துச் சவர்க்காரமும் காய்ச்சினார்கள். அந்தச் சிவப்பு நிறம் கரோட்டின். உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறுவது. அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது, நாற்றம் மட்டும் நினைவிருக்கிறது.

சீனிக்குப் பதில் கரும்பைக் கடித்துக்கொண்டு வெறும் கடுந்தேநீர் குடித்தார்கள். காப்பிக்குச் சோளத்தைக் கருக வறுத்து இடித்தார்கள். இதைப் பற்றி அம்மா சொல்வது ஒரே வார்த்தை: "கருமம்."

தீப்பெட்டியும் அருமை. அடுப்பில் கங்கை அணையவிடாமல் சாம்பலால் மூடி வைப்பார்கள். அணைந்துவிட்டால் பிள்ளையைத் தேங்காய் மட்டையோடு பக்கத்து வீட்டுக்கு நெருப்பு வாங்க அனுப்ப வேண்டும்.

மீன், இறைச்சி எதுவும் இல்லையா?

காட்டோரத் தோட்டம் என்பதால் நகரத்தைவிட நிலைமை தேவலாம். காட்டுப்பன்றி, உடும்பு, அணில். ஓடையில் கெளுத்தி. பிள்ளைகளுக்கு எட்டியது நத்தை. மலாயில் 'சிப்புட்' என்றால் நத்தை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நத்தை ஆறு என்ற பெயருள்ள ஊரில் நத்தை பொறுக்கித் தின்று வளர்ந்தோம் என்பதில் அம்மாவுக்கு ஒரு பெருமை. சைவம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டியும் லயத்தில் இருந்தார். முருங்கைக் கீரை, பொன்னாங்கண்ணி, மரவள்ளிக் கொழுந்து என்று கீரையாகவே தின்று அந்தக் காலத்தைத் தாண்டினார்.

பசியால் செத்தவர்கள் உண்டா?

சும்மா பசி என்று சொல்லிச் சாகவில்லை, நோய் என்று சொல்லிச் செத்தார்கள். கிழங்கில் மாவுச்சத்து இருக்கிறது, வைட்டமின் பி1 மிகக் குறைவு. கால் வீங்கி, அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும் பெரிபெரி நோய் அதனால் வந்தது. தவிட்டை வறுத்துத் தின்றவர்கள் தேறினார்கள். தவிட்டில்தான் அந்தச் சத்து இருக்கிறது. காலில் சின்னச் சிராய்ப்பு பட்டால் ஆறாத புண்ணாகி எலும்புவரை போகும். மலேரியாவுக்குக் கொய்னா மருந்து கிடைக்கவில்லை. அம்மாவின் கடைசித் தங்கை 1944-இல் போனாள். இரண்டு வயது. என்ன நோய் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. அதற்குமேல் அம்மா சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. தயவுசெய்து நீங்களும் கேட்க வேண்டாம்.

காசு இருந்தால் வாங்க முடிந்ததா?

ஜப்பான்காரன் அச்சடித்த நோட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம், அதனால் வாழைமர நோட்டு. நினைத்தபோதெல்லாம் அடித்துத் தள்ளினார்கள், வரிசை எண்கூட இல்லாமல். கடைசிக் காலத்தில் ஒரு சுருட்டு நோட்டுக்கு ஒரு முட்டை என்ற நிலை. போர் முடிந்ததும் அது வெறும் காகிதம். தாத்தா சேர்த்து வைத்திருந்த நோட்டுக் கட்டுகளை அடுப்பு பற்றவைக்கப் பயன்படுத்தினார் பாட்டி. "நல்லாவே எரியல" என்பது அவர் தீர்ப்பு.

சயாம் ரயிலுக்கு உங்கள் தோட்டத்திலிருந்து போனார்களா?

போனார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள், ஆயிரக்கணக்கில் திரும்பவில்லை. உணவு பற்றிய பக்கத்தில் இதை ஏன் சேர்க்கிறேன் என்றால், முதலில் சிலர் தாமாகவே போனதற்குக் காரணம் சோறு. சம்பளமும் அரிசியும் உண்டு, சில மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லி அழைத்தார்கள். வேலையில்லாத தோட்டத்தில், வீங்கிய காலோடு உட்கார்ந்திருப்பவனுக்கு அது போதும். பிறகு ஆசை காட்டுவதை விட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள். தாத்தா இரண்டு வாரம் காட்டில் படுத்திருந்தார். அம்மாதான் இடுப்பில் கிழங்கை முடிந்துகொண்டு, மாடு தேடுகிற மாதிரி போய்க் கொடுத்துவிட்டு வருவார். அந்தக் கிழங்கில் மட்டும் பாட்டி தாராளமாக உப்புப் போட்டிருப்பாராம். அதை அம்மா வழியில் கிள்ளித் தின்னவில்லை என்று சத்தியம் செய்கிறார். நான் நம்புகிறேன், மாமா நம்பியதில்லை.

நேதாஜி படையில் சேர்ந்தால் சோறு கிடைத்தது என்கிறார்களே?

சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்தார். தோட்டத்துப் பெண்கள் தாலிக்கொடியைக்கூடக் கழற்றிக் கொடுத்ததுண்டு, இளைஞர்களும் பெண்களும் சேர்ந்ததுண்டு. நாட்டுப்பற்றில் போனவர்களும் இருந்தார்கள், சயாம் ரயில் வேலைக்குப் பிடிபடாமல் தப்பிக்கப் போனவர்களும் இருந்தார்கள். இரண்டும் ஒரே ஆளுக்குள்ளும் இருந்திருக்கும். இதில் அவமானம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மணியைக்கூட மாற்றினார்களாமே?

ஆமாம், தோக்கியோ நேரம். நம் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். லயத்தில் யாரிடமும் கடிகாரம் இல்லை.

தீபாவளி கொண்டாடினீர்களா?

1943 தீபாவளிக்குப் பாட்டி மரவள்ளி மாவில் முறுக்குப் பிழிந்தார். பொரிக்க எண்ணெய் போதாமல் கல்லில் சுட்டார். கடித்தால் ரப்பர் போல இழுத்தது. பிள்ளைகள் அதை இழுத்துப் பிடித்துப் போட்டி வைத்தார்கள். கேட்க நன்றாக இருக்கும் நினைவு இது ஒன்றுதான் என்பதால் இடுபணிகளில் எல்லாம் இதுவே வருகிறது.

போர் முடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. உலகம் முழுக்க அரிசித் தட்டுப்பாடு, வெள்ளைக்காரன் வந்த பிறகும் பங்கீடு தொடர்ந்தது. ஆனால் உப்பு வந்தது. செப்டம்பரோ அக்டோபரோ, தாத்தா பட்டணத்துக் கடையிலிருந்து இலைப் பொட்டலத்தில் வெள்ளை உப்பு வாங்கி வந்தார். காய்ந்த உப்பு, கசப்பில்லாதது. பாட்டி அதைப் பிரித்துவிட்டு, வழக்கத்தில் ஒரு குருணை எடுத்து இலையில் வைத்தார். தாத்தா பொட்டலத்தைப் பிடுங்கிப் பிள்ளைகளின் நடுவே கவிழ்த்தார்.

அப்புறம் 1948 ஜூன் 16. நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, அவசரகாலம், அதாவது கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அரசு அறிவித்த நெருக்கடி நிலை, பிறந்தது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக்கூடாது என்று மறுபடியும் அரிசிக்குக் காவல். அம்மா அப்போது பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தார். கம்பி வேலி வாசலில் சோதனை, மதியச் சோற்றை வெளிக்காட்டுக்குக் கொண்டுபோகத் தடை. கடையில் டின் பால் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார், சேர்த்து வைக்க முடியாதபடி. "ஒரு தடவ அரிசி இல்லாம பட்டினி, இன்னொரு தடவ அரிசி இருந்தும் பட்டினி" என்பார் அம்மா. இதைத் தனியாக எழுத வேண்டும், இந்தப் பக்கம் தாங்காது.

உங்கள் அம்மாவை நேரில் பார்த்துப் பேசலாமா?

பேசலாம். மாலை நான்கு மணிக்குமேல், இரண்டு பேருக்கு மிகாமல். காது மந்தம், வலப்பக்கம் உட்காருங்கள். கைப்பேசியில் பதிவு செய்வதாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தலை சீவிக்கொள்வார். பழம், பிஸ்கட், எது வாங்கி வந்தாலும் சரி. சிப்ஸ் பாக்கெட் மட்டும் வேண்டாம். தின்று முடித்துவிட்டு, பாக்கெட்டைக் கிழித்து உட்புறத்தில் ஒட்டியிருக்கும் உப்பை விரலால் வழித்துக்கொண்டிருப்பார். தடுக்கப் போனால் எனக்குத்தான் திட்டு.